புதுப் பலகையைச் சுட்டுப் பழசாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் ஞாயிறு பதிப்பில் வீட்டலங்காரம் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. மண் கூசா, மர உரல், தேங்காய் திருவலை, வண்டிச் சில்லு என்று நம்மூர்ச் சாமான்களை ஹோலிலும் விறாந்தையிலும் எப்படி வைக்கலாம் என்று படங்களோடு எழுதியிருந்தீர்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். குசினி மூலையிலும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலும் கிடந்தவற்றை ஆட்கள் மதித்து வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். தச்சுவேலை செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பழசு கிடைக்காதவர்கள் தச்சரிடம் சொல்லிப் பழசு மாதிரியே செய்வித்துக்கொள்ளலாம் என்றும் அதில் ஒரு யோசனை இருந்தது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு பிரசுரிக்கக் கேட்கிறேன்.

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓர் ஓடாவி, அதாவது தச்சன். அப்பாவும் ஓடாவிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருடைய பட்டறையில் சீவல் பொறுக்கித்தான் வேலை பழகினேன். இப்போது என்னிடம் வரும் ஓடர்களில் பாதிக்கு மேல் வீட்டுக்காரரிடமிருந்து வருவதில்லை. நிலாவெளி, அலஸ்தோட்டம், உப்புவெளி கரையோரத்தில் விடுதி கட்டுகிறவர்களும், அவர்களுக்கு உள்ளலங்காரம் செய்கிறவர்களும்தான் வருகிறார்கள். அவர்களில் நல்லவர்கள் பலர், காசும் ஒழுங்காகத் தருவார்கள். பிரச்சினை அவர்கள் கேட்கும் வேலையில் இருக்கிறது.

ஒரு விடுதிக்காகப் பேச வந்த இளைஞர் போனில் படம் காட்டி, "பாஸ், இது புதுசு எண்டு தெரியக் கூடாது. அறுபது எழுபது வருசம் பழசு மாதிரி இருக்கோணும்" என்றார். அவர் காட்டியது ஆட்கள் குந்தும் நீள வாங்கு ஒன்று, ஒரு பெட்டகம், சுவரில் மாட்ட ஒரு நுகத்தடி. எப்படிச் செய்வது என்பதையும் அவரே படித்துக்கொண்டு வந்திருந்தார். மலிவான பைன் பலகையில் சாமானைச் செய்துவிட்டு, புளோ லாம்ப்பால் மேலோட்டமாகச் சுட வேண்டும். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் உரசி மெத்தென்ற பாகத்தை எடுத்துவிட்டால் நரம்பு எழும்பி நிற்கும். சங்கிலியால் அங்கங்கே அடிக்க வேண்டும். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறப்போட்டு, முதலில் தேயிலைச் சாயமும் பிறகு அந்த வினாகிரியும் பூசினால் மரம் கறுக்கும். கடைசியாக மெல்லிய துளைக்கம்பியால், மரப்பூச்சியான உளு அரித்தது போல ஓட்டைகள் போட வேண்டும்.

எல்லாம் செய்யக்கூடியதுதான். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "வேப்பம் பலகையில் புதுசாக ஒரு வாங்கு நல்ல மாதிரிச் செய்து தாறன் தம்பி, உங்கட பிள்ளைகள் காலத்தில அது தானாகப் பழசாகும்" என்றேன். அவருக்கு அவ்வளவு காலம் காத்திருக்க நேரமில்லை. சரி, போய்விட்டார்.

சிலர் இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும், பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதானே என்று. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பழைய வாங்கின் விளிம்பு மழுங்கியிருப்பது அதில் குந்தி எழும்பிய ஆட்களால். யாரும் குந்தாத வாங்குக்கு அந்த மழுங்கலைக் கொடுப்பது இல்லாத ஆட்களை இருந்ததாகச் சொல்வது. அந்த விடுதிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் அதைப் பார்த்து, திருகோணமலையில் ஆட்கள் இப்படித்தான் வாங்கு செய்தார்கள் என்று நம்பிக்கொண்டு போவார். பைன் பலகையில் இங்கே யார் வாங்கு செய்தார்கள்? நம் காட்டில் முதிரையும் பாலையும் கருங்காலியும் வளர்கின்றன. பாலைப் பலகையைத் தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு பாரம். முதிரையைச் சீவிய அன்று வெளிறிய மஞ்சளாக இருக்கும், போகப் போகப் பொன்னிறமாகும். சாய்த்துப் பார்த்தால் உள்ளே பட்டு விரித்தது போல வரி ஓடும். எந்தச் சாயத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது.

உண்மையான பழசை எப்படி இனம் காண்பது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது தேங்காய் திருவலையைத்தான். ஆள் குந்தும் இடத்தில் பலகை பள்ளம் விழுந்து மினுங்கும். அலகு பொருத்திய முனை தேங்காய்ப்பால் ஊறி ஊறிக் கறுத்துப் போயிருக்கும். அடிப்பக்கம் நிலத்தில் இழுபட்டு நார் நாராகத் தெரியும். ஆனால் பலகையின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். உளி பட்ட தடம் இன்னும் கூராக இருக்கும், ஏனென்றால் அங்கே யாரும் கை வைப்பதில்லை. போலியில் மேல், கீழ், பக்கம் எல்லாம் ஒரே அளவில் தேய்ந்திருக்கும். ஒரு வீட்டில் ஒரு சாமானை யாரும் அப்படிப் பாவிப்பதில்லை.

பெட்டகமென்றால் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் சுவரிலிருந்து இழுத்துப் பின்பலகையைப் பாருங்கள். பழைய ஆட்கள் பின்பக்கத்தைச் சீவி அழகு பண்ணுவதில்லை. மரம் செதுக்கும் வாய்ச்சி கொத்திய தடமோ கைவாள் போன நேர்க்கோடுகளோ இருக்கும், அந்தக் கோடுகளும் ஒன்றுபோல இருக்காது. வில் போல வளைந்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் வட்டவாள் மில்லில் அரிந்த பலகை. மூட்டில் ஒரு கட்டையின் முனையை மெல்லிசாகச் சீவிய கழுந்தை மற்றதன் துளையில் செருகி மர முளை அடித்திருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. மரம் காயக் காய அகலவாட்டில்தான் சுருங்கும், நீளவாட்டில் சுருங்குவது இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அந்தக் காலத்தில் வட்டமாகக் கடைந்த மரத்தட்டோ மரக் கிண்ணமோ இன்றைக்குச் சரியான வட்டமாக இருக்காது. அளவு நாடாவை இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் கொஞ்சம் குறையும். போலி செய்கிறவர் எவரும் இந்த வேலை வரைக்கும் போவதில்லை.

இனி, உண்மையான பழசு எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். எங்கள் ஒழுங்கைகளுக்குள் வான் ஒன்று வருகிறது. பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வரும். இறங்கி நின்று கதைக்கும்போது கேட்பது உரல், பெட்டகம், சாய்மனைக் கதிரை, அரிசி அளக்கும் கொத்து, பாக்குவெட்டி. பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் ஒரு அம்மாவிடம் பாலைமரத்து உரல் ஒன்று இருந்தது. அவருடைய மாமியார் தம்பலகாமத்திலிருந்து கொண்டுவந்தது, நெல்லுக் குத்தியது. வாயைச் சுற்றி உலக்கை பட்டுப் பட்டு விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சரிந்திருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி இடித்தால் அப்படி ஒரு பக்கம் சரியாது. தனியாக நின்று இடித்த பெண்ணின் உரல் அது. 2000 ரூபாவுக்கும் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்கும் போய்விட்டது. கேட்டதற்கு, "கொண்டு போகட்டும் எண்டு குடுத்திட்டன் தம்பி, ஆர் இனி இதில இடிக்கிறது?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதுகு வலியோடு இருக்கிற மனுசி, வீட்டில் இடமும் இல்லை. ஆனால் அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றபோது அந்த உரலைத்தான் முதலில் தேடினாள்.

இந்த மாவட்டத்தில் இப்படிப்பட்ட சாமான் மிச்சம் இருப்பதே பெரிய விடயம் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1964 டிசம்பர்ச் சூறாவளி கூரைகளோடு கொண்டுபோனது போக, 1983 இலும் 1990 இலும் எத்தனை வீடு எரிந்தது, எத்தனை குடும்பம் உடுத்த உடுப்போடு போனது. 2004 சுனாமியில் கரையோரத்து வீடுகளில் அலுமாரியும் கட்டிலும் கடலோடு போயின. 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்து ஆட்கள் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது வளவில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கிடந்தன, கல் என்பதால். மரச்சாமான் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் அம்மம்மாவின் பெட்டகம் ஒன்று வீட்டில் இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதை எங்கோ பாதுகாத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அதை வானுக்குக் கொடுத்துவிட்டு, கொழும்புக் கடையிலிருந்து சுட்டுக் கறுப்பாக்கிய பெட்டியை விலை கொடுத்து வாங்கி வைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. நாட்டுக்குள் வீட்டை விட்டுப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கப் போவதில்லை, வீட்டுக்காரர்தான் தடுக்க வேண்டும்.

வைத்திருப்பதென்று முடிவெடுத்தவர்களுக்குப் பராமரிப்பு பற்றிக் கொஞ்சம். முதலாவது, சேண்ட் பேப்பர் போட வேண்டாம். புதுசாக்குகிறோம் என்று நினைத்து மேல் தோலை உரசி எடுத்துவிட்டால், இத்தனை வருடம் கைபட்டு வந்த நிறம் ஒரு மத்தியானத்தில் போய்விடும், திரும்ப வராது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, நிழலில் காயவிட்டு, லின்சீட் ஒயிலை மெல்லிசாகப் பூசி, ஊறாமல் மேலே நிற்பதைத் துடைத்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காயவே காயாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிசுபிசுக்கும். லின்சீட் ஒயில் துடைத்த துணியை மட்டும் உருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடாகித் தீப்பற்றக்கூடியது. எங்கள் பட்டறையில் அதை உடனே தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துவிடுவது அப்பா காலத்திலிருந்து கட்டாயம்.

நம்மூர்க் காற்றும் ஒரு விடயம். கச்சான் அடிக்கிற மாதங்களில் மரம் வறண்டு வெடிக்கும், மாரியில் ஈரம் குடித்து ஊதும். அதனால் பெட்டகத்தின் மூடியையோ மேசைப் பலகையையோ அசைய இடமில்லாமல் பசையும் ஆணியும் வைத்து இறுக்கக் கூடாது. வெடிப்பு விழுந்தால் பயப்படத் தேவையில்லை, மாரி வந்ததும் பாதி மூடிவிடும். இரும்பாணி கடற்காற்றில் துருப்பிடித்து ஊதி மரத்தைப் பிளக்கும். மாற்றுவதென்றால் பித்தளை ஆணி போடுங்கள். 1957 இல் பிரிட்டிஷ் கடற்படை இங்கிருந்து போன பிறகு, அவர்கள் பாவித்த தேக்குச் சாமான்கள் சில அப்பாவின் பட்டறைக்குத் திருத்த வந்தனவாம். கப்பலில் போக என்று செய்ததால் எல்லாவற்றிலும் பித்தளைதான் அடித்திருந்தது, ஒன்றுகூட இளகியிருக்கவில்லை என்று சொல்வார்.

உளு அரித்த ஓட்டைக்குக் கீழே புதிதாக மா போல மரத்தூள் கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. ஊசியால் மண்ணெண்ணெய் விட்டு மெழுகால் அடையுங்கள். மா கொட்டவில்லை என்றால் பழைய ஓட்டை, விட்டுவிடலாம். கால்கள் சீமெந்து நிலத்தில் நேரே படாமல் ஓட்டுத் துண்டு ஒன்று கொடுத்தால் ஈரமும் ஏறாது, கறையான் வருவதும் கண்ணுக்குத் தெரியும். உரலுக்குள் மண் போட்டுப் பூக்கன்று நடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தினமும் தண்ணீர் ஊற்ற ஊற்ற அடிமரம் உள்ளிருந்து உக்கும், வெளியே தெரியும்போது ஒன்றும் செய்ய முடியாது. பூ மிதக்கவிட்டு வாசலில் தண்ணீர்ச் சட்டி வைக்கிறவர்கள் கிழமைக்கு ஒருமுறையாவது ஊற்றிவிட்டு உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மண்பாண்டம் என் தொழில் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கையால் செய்த பானையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள். கழுத்தும் வாயும் சக்கரத்தில் வந்தவை, மெல்லிய வளையங்கள் சுற்றி ஓடும். வயிற்றிலிருந்து கீழே அந்த வளையம் நின்றுவிடும். அங்கே விரல் அகலத்துக்குத் தட்டைத் தட்டையான சின்னச் சின்ன முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். உள்ளே ஒரு கையால் கல்லைப் பிடித்து, வெளியே மற்றக் கையால் பலகையால் தட்டித் தட்டி அடியை மூடிய அடையாளம் அது. ஒவ்வொரு தட்டும் தெரியும். மெல்லிசாகவும் உருண்டையாகவும் வருவதற்கு அதுதான் வழி, அதனால்தான் அடுப்புச் சூட்டையும் தாங்குகிறது. இதற்கு மேல் பொன் நிற எனாமல் பூசி ஹோலில் வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது அந்தத் தட்டுகள் எல்லாம் மூடிப்போய்விட்டனவே என்று மனம் கஷ்டப்படுகிறது. பூசாமல் வையுங்கள். அடி உருண்டை என்பதால் வைக்கோல் திருகணை ஒன்றின்மேல் வைத்தால் நிற்கும், பார்க்கவும் அதுதான் அழகு.

கரையோரத்து வீடுகளில் பானையின் வெளியே வெள்ளையாகப் பூத்து, மேல் தோல் பொருபொருவென்று உதிர்வதாகச் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற உப்பு மண்ணுக்குள்ளால் கசிந்து வெளியே வந்து காய்கிறது, வேறொன்றும் இல்லை. நல்ல தண்ணீரில் முழுவதும் அமிழ்த்தி, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்து, நிழலில் காயவிட்டால் சரியாகும். வார்னிஷ் அடித்தால் உப்பு உள்ளே நின்று இன்னும் கூட உதிரும்.

கிண்ணியாத் தயிர் வாங்குகிறோம். தயிர் முடிந்ததும் முட்டியைக் குப்பையில் எறிகிறோம். மண் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அந்தத் தயிர் அப்படி இறுகி வருகிறது. பிளாஸ்டிக் கோப்பையில் வரும் தயிருக்கு அந்த இறுக்கம் இல்லை. வீட்டை மண்பாண்டத்தால் அலங்கரிக்க விரும்புகிறவர்கள் பழசைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. சூளையிலிருந்து வந்த சிவப்பு மாறாத புதுச் சட்டி, புதுக் கூசா, பொங்கலுக்கு வாங்கும் புதுப் பானை, இவையே போதும். கூசாவில் தண்ணீர் விட்டு வையுங்கள், வெளியே கசிந்து காய்வதால் உள்ளே குளிர்ந்திருக்கும். வந்தவருக்கு அதிலிருந்து ஊற்றிக் கொடுங்கள். களிமண்ணுக்கும் விறகுக்கும் அலைந்து, பிளாஸ்டிக்கோடும் அலுமினியத்தோடும் போட்டிபோட்டு இன்னும் சக்கரம் சுற்றுகிறவர்களுக்கு அந்தக் காசு நேரே போகும். பேரம் பேசாமல் வாங்குங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விடுதியில் ஒரு தேநீருக்குக் கொடுக்கிற விலைகூட இல்லை அந்தச் சட்டிக்கு.

மரத்துக்கும் இதையேதான் சொல்கிறேன். புதுசு வேண்டுமென்றால் புதுசாகவே செய்விக்கச் சொல்லுங்கள். வேம்பு இருக்கிறது, பூவரசு இருக்கிறது. வளவில் விழுந்த பலா இருந்தால் அதைவிட நல்ல பலகை கிடையாது. ஆனால் நிற்கிற பலாவை வெட்டுவதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும், பெண் பனைக்கும் அப்படித்தான். சீவுளி போன பலகைக்கு எண்ணெய் மட்டும் பூசித் தருகிறோம். அடிப்பக்கத்தில் செய்தவரின் பெயரையும் ஆண்டையும் உளியால் வெட்டச் சொல்லுங்கள். அப்பா செய்த சாமான்களில் அப்படி ஒன்றும் எழுதவில்லை. இப்போது ஊருக்குள் எந்தக் கதிரை அவருடையது என்று என்னால் மூட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. எனக்குப் பிறகு அதையும் சொல்ல ஆள் இல்லை.

விடுதிக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. வாங்கிய பழைய உரலையும் சில்லையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. எந்த ஊர், எந்த வீடு, எதற்குப் பாவித்தது என்று வானில் கொண்டுவந்தவரிடம் கேட்டு எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வையுங்கள். சில்லு என்றால் எந்த வண்டியுடையது, நுகம் என்றால் எந்த வயலில் பூட்டியது. கொண்டுவந்தவருக்குத் தெரியவில்லை என்றால் அடுத்த முறை கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். காசு கொடுக்கிறவர் கேட்டால் அவர்கள் விசாரிப்பார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை இப்படி ஒரு பக்கம் போடும்போது, படத்துக்குக் கீழே அது என்ன மரம், யார் செய்தது, எந்த ஊர் மண் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? பழசு மாதிரிச் செய்விக்கலாம் என்ற அந்த யோசனைக்குப் பதிலாக, வேலை செய்கிற குயவர்களும் ஓடாவிகளும் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு போட்டால் எங்களுக்கும் வேலை வரும். உங்கள் நிருபர் திருகோணமலைக்கு வந்தால், பழசும் போலியும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஓர் ஓடாவி,
உவர்மலை, திருகோணமலை.